தகாஃபுல் என்பதன் பொருள்



'தகாஃபுல்' என்பதைப் பலரும் முஸ்லிம்களின் இன்ஷூரன்ஸ் என்றே விளங்கிக் கொள்கின்றனர். சொல்லின் பொருளை முதலில் அறிவோம்.

இதன் வேர் 'கஃபாலத்', அதாவது பொறுப்பேற்றல். கடனோடு மௌத்தான ஒருவரின் ஜனாஸா வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழ வைத்தார்கள். அதுவே கஃபாலத். ஒருவருக்கொருவர் இவ்வாறு பொறுப்பேற்பது தகாஃபுல்.

சாதாரண இன்ஷூரன்ஸில் பிரீமியம் கட்டி, வருமா வராதா என்று தெரியாத இழப்பீட்டைக் கம்பெனியிடம் விலைக்கு வாங்குகிறோம். இந்த நிச்சயமின்மையே 'கரர்'. அப்பணம் வட்டியிலும் புரள்கிறது. தகாஃபுலில் நாம் செலுத்துவதோ 'தபர்ருஃ', மனமுவந்த நன்கொடை. கம்பெனி அப்பொது நிதியை நிர்வகித்துக் கூலி பெறும்; நிதி அதன் சொத்தல்ல. 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிக இன்ஷூரன்ஸைக் கூடாதென்றும், பரஸ்பர உதவி முறையை ஆகுமென்றும் தீர்மானித்தது.

ஆனால், பெயர்ப்பலகை மாறியதால் மட்டும் ஹராம் ஹலாலாகிவிடாது. கையெழுத்திடுமுன் கேளுங்கள்: நிதி யாருடையது? எதில் முதலீடாகிறது? மிச்சம் யாருக்கு?

நம் உள்ளத்தையும் கேட்போம். ஆண்டு முழுவதும் நமக்கு விபத்தே நேரவில்லையென்றால், "கட்டிய பணம் வீணாயிற்றே!" என்று வருந்தலாமா? அது எங்கோ ஒரு யதீமின் வீட்டில் அடுப்பை எரிய வைத்திருக்கும். அந்த நிய்யத்து இல்லையேல், தகாஃபுல் வெறும் சொல்லாகவே நிற்கும்.

அல்லாஹ் நமக்குத் தூய நிய்யத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.