மது நோயாளரும் மருந்து தானமும்

கள் நீக்கலைச் சாவகரின் மூலகுணங்களுள் ஒன்றாகக் கொண்டவர் நாம். புளித்தூறும் கள்ளில் எண்ணற்ற உயிர்கள் தோன்றி மடிகின்றன. மயங்கிய அறிவு கொலைக்கும் பொய்க்கும் அஞ்சுவதில்லை. ஆதலின் நம் அறநூல்கள் அதனை விலக்கின. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், குடியால் நோயுற்றவனுக்கு ஔடததானம் உரியதா என்று கேட்டால், விடை கூறுமுன் அவன் எந்தத் தெருவினன் என்று பார்த்துவிடுகிறோம்.

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மாண்டவருள் பலர் பட்டியல் இனத்து நாட்கூலிகள். குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என அரசு அறிவித்தவுடன், "குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம்?" என்ற குரல் எழுந்தது. வசதியான வீட்டுப் பிள்ளை குடியில் வீழ்ந்தால் இப்பேச்சு எழுவதில்லை. 'உடம்பு சரியில்லை' என்று தாழ்ந்த குரலில் கூறித் திருச்சிக்கோ மதுரைக்கோ அழைத்துச் செல்கின்றனர். அமெரிக்க நாட்டிலும் இதுவே நடந்தது. கறுப்பின மக்கள் மிகுதியாகத் தண்டிக்கப்பட்ட 'கிராக்' கொக்கெயின் 5 கிராமுக்கு என்ன சிறையோ, தூள் கொக்கெயின் 500 கிராமுக்கும் அதே சிறை என 1986இல் சட்டம் செய்தனர். பின்னர் வெள்ளையர் இல்லங்களில் அபின் வகை மாத்திரைகள் புகுந்தபோதுதான், இது நோய், சிகிச்சை வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

விரதம் ஏற்று விட்டுவிடலாமே என்பர் நம்மவர். பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக்கலக்கமும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் இருத்தல் வேண்டும். நம் புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆயினும் கறம்பக்குடிப் பக்கத்துக் கூலியாள் மருத்துவமனையில் படுத்தால் வீட்டில் உலை ஏறாது. துணைக்கு மனைவி இருந்தால் அவள் கூலியும் போயிற்று.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மைக்கு உத்தாயன மன்னனைச் சான்றாகக் காட்டுவர். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்டதை மன்னன் மீதே உமிழ்ந்தான். மன்னனோ, தான் இட்ட உணவில் பிழை இருந்ததோ என வருந்தி அவர் உடலைக் கழுவினான். 2003 முதல் அரசே கடை வைத்து மது விற்கும் நாட்டில் நாம் அவ்வாறு வருந்துவதில்லை. அவர் முனிவர், இவன் குடியன் அன்றோ எனின், அதுவும் நியாயமான வாதமே. ஆனால் பெறுவோனின் தகுதி நோக்குவது பாத்திரதானத்துக்கு. கருணாதானத்துக்குத் துன்பமே தகுதி.

நம்மவர் நடத்தும் மருத்துவ முகாம்களில் கண்ணையும் சர்க்கரையையும் பார்க்கின்றனர். குடிநோயாளரை அழைத்து வந்தவரை நாம் கண்டதில்லை. அம்முகாம்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, மருத்துவமனையில் படுத்திருப்பவன் வீட்டுக்குப் பத்து நாள் அரிசியும் மனைவியின் பேருந்துக் கட்டணமும் கொடுக்கலாம். அவன் தெருவின் பெயர் அதற்குத் தேவைப்படாது.