நூற்றிருபத்தைந்து முதலாளிகள்

இங்கிலாந்தில் ஒரு கிராமத்து பப் மூடப்படும்போதெல்லாம் வருத்தப்பட ஆள் நிறைய உண்டு. தாத்தா உட்கார்ந்த பெஞ்ச், மழைக்கு ஒதுங்கிய கணப்பு என்று ஆளுக்கொரு நினைவு. கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால்தான் பதில் இழுக்கும். குடிப்பழக்கம் இல்லாத எனக்கு இந்த பப்களின் கதையில் ஈடுபாடு வந்ததே இதனால்தான். ஓர் இடத்தின் மேல் பிரியம் என்கிறோமே, அதற்கு நாம் கொடுப்பது என்ன?

பப் என்றதும் டாஸ்மாக் வாசலை நினைத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தோடு போய்ச் சாப்பிடலாம், நாயைக் கூட்டிப் போகலாம், ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர்வம்பு பேசலாம். நடத்துபவர் பலநேரம் அந்தக் கட்டடத்துக்கே குத்தகைக்காரர்தான்.

அவருடைய பாடு நிலவறையில் தொடங்குகிறது. பாரம்பரிய ‘ஏல்’ என்ற பீர், பீப்பாய்க்குள் வந்த பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். பீப்பாயைப் படுக்கவைத்து, மேல்துளையில் மரமுளை அடித்து வாயுவைப் போக்கி, வண்டல் அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். அறையின் வெப்பம் 12 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். ஊற்றத் தொடங்கிவிட்டால் மூன்று நாளில் காலியாவது நல்லது. காற்றுப்பட்டுச் சுவை கெட்டுவிடும். 9 கேலன் பீப்பாய் என்றால் 72 பைன்ட். அத்தனைக்கும் ஆள் வரவில்லையென்றால் மிச்சம் சாக்கடைக்கு. ஊராரின் பாசம் இந்தக் கணக்கில் ஏறாது.

நிலவறைக்கு வெளியே சட்டத்தின் பிடி வேறு. 1552-லேயே ஏல் விற்க உள்ளூர் நீதிபதிகளின் உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. 1830-இல் வந்த சட்டமோ, 2 கினி கட்டிய வரிதாரர் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பிறகு பீர் ஆலைகள் பப்களை வாங்கிக் குவித்தன. நடத்துபவர் முதலாளியின் சரக்கை, முதலாளி சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. இதைத் தளர்த்த 1989-இல் அரசு, 2,000-க்கு மேல் பப் வைத்திருந்த ஆலைகள் மீது கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆலைகள் கொத்துக்கொத்தாக விற்றன. வாங்கிய கம்பெனிகளும் அதே நிபந்தனையைத்தான் போட்டன. கயிறு அப்படியே இருந்தது, பிடித்திருந்த கை மட்டும் மாறியது.

அரசே பப் நடத்தியதும் உண்டு. முதல் உலகப் போரில் கிரெட்னா என்ற ஊரின் வெடிமருந்துத் தொழிலாளர்களின் குடி கட்டுக்கடங்காமல் போக, 1916-இல் அங்கும் கார்லைல் நகரிலும் இருந்த பப்களை அரசு எடுத்துக்கொண்டது. மேலாளருக்குச் சம்பளம், அதிகம் ஊற்றுவதால் அவருக்கு லாபம் எதுவும் கிடையாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் அரசு எல்லாவற்றையும் விற்றபோது, ஊரார் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

அதே கார்லைலுக்குத் தெற்கே, கம்ப்ரியா மலையோரத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூர். அங்கிருக்கும் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பின் பின்கட்டில், பழைய களஞ்சியம் ஒன்றில் 1988-இல் சிறு பீர் ஆலை தொடங்கியது. 1999-இல் ஊரார் சேர்ந்து அந்த ஆலையைக் கூட்டுறவாக வாங்கினார்கள். 2003-இல் பப் விலைக்கு வந்தபோது 125 பேர் தலைக்கு 1,500 பவுண்ட் போட்டு அதையும் வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவாக வாங்கப்பட்ட முதல் பப் என்று அதைச் சொல்கிறார்கள். இப்படி வாங்க நினைக்கும் ஊராருக்குப் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்க 2011-இல் சட்டமே வந்தது.

ஆனாலும் 125 முதலாளிகளும் சேர்ந்து நிலவறைக்குள் இறங்க முடியாதே. அதற்கென ஒருவர் வேண்டும். அவர்களும் குத்தகைக்கு ஆள் வைத்தே நடத்தினார்கள். அவரால் வாடகை கட்ட முடியுமா என்பது, மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை இரவில் எத்தனை பேர் வந்து பைன்ட் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. 1,500 பவுண்டைப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கும் பங்குதாரரைவிட, பங்கே இல்லாமல் அந்த இரவில் வந்து உட்காருபவரைத்தான் நான் அந்த ஊர்க்காரர் என்பேன்.