இலைக்கு எவ்வளவு?

2021 நவம்பர் 7 அன்று விடிந்தபோது சென்னையின் தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அசோக் நகர், கே.கே. நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் பெய்தது 20 சென்டிமீட்டருக்கும் மேல். வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைத்துக் கொட்டிய நினைவு ஆறுவதற்குள், 2022 பிப்ரவரி 19-இல் மாநகராட்சித் தேர்தல் வந்தது. அசோக் நகரில், அசோக் தூணைச் சுற்றியுள்ள தெருக்களில் வாக்குக் கேட்டு வந்தவர் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. பேசியதில் தவறும் இல்லை. வடிகால் வேண்டும், சாலை வேண்டும், தெருவிளக்கு வேண்டும். மார்ச் 4-இல் புதிய மேயராக ஆர். பிரியா பொறுப்பேற்றார். ஏப்ரல் 1-இல் மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. வாக்குப்பதிவுக்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவே ஆறு வாரம்கூட இல்லை.

சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,200 சதுர அடி வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. வணிகக் கட்டடங்களுக்கும் 150. அசோக் நகர் இந்தப் பழைய எல்லைக்குள் வருகிறது. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த வளசரவாக்கம் போன்ற பகுதிகளுக்கு உயர்வு இதைவிடக் குறைவு.

உயர்வு தேவைதானா என்று கேட்கலாம். அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று உண்டு. இன்னின்ன செய்வேன் என்று சொல்லி வாக்குக் கேட்பவர், அதற்கான பணம் யாரிடமிருந்து வரும் என்பதைச் சொல்லாமல் விடுவது சரியா? சமையல் கான்ட்ராக்டர் பந்தியில் பரிமாறப்போவதை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, இலைக்கு எவ்வளவு என்பதைக் கல்யாணம் முடிந்த மறுநாள் சொன்னால் எந்த வீட்டாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யாக இராது. ஆனாலும் ஏமாற்றம்தான்.

வேட்பாளர் பக்கம் நின்று சொல்லக்கூடிய வாதம் லேசானதல்ல. சொத்து வரியை எவ்வளவு உயர்த்துவது என்பதை முடிவு செய்வது நடைமுறையில் மாநில அரசு. கவுன்சிலர்கள் அடங்கிய மாநகராட்சி மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றுகிறது. அரசு சொன்ன பிறகு மறுக்கும் தெம்பு அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. வார்டு கவுன்சிலர் இருநூறு பேரில் ஒருவர். தன் கையில் இல்லாத ஒன்றைப் பற்றி அவர் எப்படி வாக்குக் கொடுப்பார்?

இது உண்மை என்றால் அந்த உண்மையையே வாசலில் நின்று சொல்லலாம். வரி தன் கையில் இல்லை என்பவர், தன் கையில் இல்லாத மற்றவற்றையும் அதே குரலில் சொல்ல வேண்டும். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் வேறொரு நிறுவனம், பேருந்து வேறொன்று. குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவையே மாநகராட்சியின் வேலை. கொடுப்பதைப் பேசும்போது அதிகாரத்தைப் பெரிதாகவும், வாங்குவதைப் பேசும்போது சிறிதாகவும் காட்டுவது நேர்மையில்லை.

தெரியாமல் இருந்திருக்கலாம் என்ற சமாதானமும் நிற்காது. என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதி ஆணையத்தின் அறிக்கை 2021 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்தும் மாநிலங்களின் நகராட்சிகளுக்குத்தான் 2022-23 முதல் மானியம் என்ற நிபந்தனை அதில் இருந்தது. சென்னைத் தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன்பே எல்லோரும் படிக்கக் கிடைத்த ஆவணம் அது. பிறகு உயர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் இந்த நிபந்தனையும் ஒன்று. வரி உயரும், உயர்ந்தால் சிறிய வீடுகளுக்குச் சலுகை கேட்டுப் போராடுவேன் என்று ஒரு வேட்பாளர் சொல்லியிருக்க வேண்டுமானால், அதற்கு வேண்டிய தகவல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. 2018-இல் அ.தி.மு.க. அரசு சொத்து வரியை உயர்த்தியது. தி.மு.க. எதிர்த்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில், அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்து வரும் அரையாண்டுகளில் ஈடுகட்டப்படும் என்றார்கள். 2022-இல் தி.மு.க. அரசு உயர்த்தியது, அ.தி.மு.க. எதிர்த்தது. இரண்டு முறையும் எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் ஏறக்குறைய ஒன்றே, உயர்த்தியவர்கள் சொன்ன காரணங்களும் ஒன்றே. குடியிருப்பவருக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் மோசமானது: வரி என்பது தேர்தலுக்கு முன் இறங்கி, பின் ஏறும் ஒன்று, அதற்கும் தெருவின் தேவைக்கும் தொடர்பில்லை.

இந்தத் தொடர்பை உண்டாக்கவே சென்னையில் மாநகராட்சி பிறந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 1680-களில் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசில் வீட்டு வரி விதிக்கப் போய் மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. லண்டனில் இருந்த இயக்குநர்கள் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் அதிகாரத்தால் ஆறு பென்ஸ் பிடுங்குவதைவிட, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ள விட்டால் மக்கள் ஐந்து ஷில்லிங்கையே மனமுவந்து கொடுப்பார்கள் என்ற பொருளில் எழுதினார்கள். 1687 டிசம்பரில் சாசனம் வந்தது. 1688 செப்டம்பர் 29-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. அவர்கள் நோக்கம் வணிகர்களின் நோக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருந்தது. தான் கலந்துகொண்ட முடிவுக்குக் கட்டும் பணம் வேறு, தன்னைக் கேட்காமல் எடுக்கப்படும் பணம் வேறு.

அப்படிக் கலந்துகொள்ளும் உரிமையைச் சென்னை பல ஆண்டுகள் இழந்தே இருந்திருக்கிறது. 1973-இல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996-இல்தான் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி. மாமன்றம் இருந்த ஆண்டுகளிலும் வரி பெரும்பாலும் தொடப்படாமலே கிடந்தது. பழைய சென்னையில் சொத்து வரியின் பொதுச் சீராய்வு கடைசியாக நடந்தது 1998-இல். 2018 உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டதால் அடுத்தது 2022. நடுவே 24 ஆண்டுகள்.

இந்த 24 ஆண்டைக் கருணை என்று சிலர் சொல்வார்கள். அசோக் நகரில் 1998-இல் சொந்த வீட்டில் குடியேறிய ஓர் அரசு ஊழியரை எண்ணிப் பார்க்கலாம். அவர் சம்பளம் வாங்கிய காலமெல்லாம் வரி அசையவில்லை. ஓய்வுபெற்று, ஓய்வூதியத்தில் மருந்து வாங்கும் வயதில், 1,500 சதுர அடி வீட்டுக்கு ஒரே அடியாக இரண்டு மடங்கு என்று நோட்டீஸ் வருகிறது. வீட்டின் சந்தை மதிப்பு கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டை விற்றா வரி கட்டுவது? சம்பாதித்த வயதில் சிறிது சிறிதாகக் கேட்டிருந்தால் வலிக்காமல் கொடுத்திருப்பார். அந்த வயதில் கேட்காமல் விட்டதே அவருக்கு இழைத்த தீங்கு. ஒவ்வொரு தேர்தலிலும் வரியைப் பற்றி வாய் திறக்காத ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு.

வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் இக்கட்டானது. கேட்பு நோட்டீஸ் அவர் பெயருக்கு வராது. ஆனால் வீட்டுக்காரர் அடுத்த ஒப்பந்தத்தில் அதை வாடகையோடு சேர்ப்பார். எவ்வளவு வரி, எதற்காக என்று கேட்க அவரிடம் ஒரு சீட்டுக்கூடக் கிடையாது. வாக்கு அவருக்கு உண்டு, வரி கட்டுபவர் என்ற மதிப்பு இல்லை. சொத்து வரி பற்றிய பேச்சில் வீட்டுச் சொந்தக்காரர்களின் குரல் மட்டுமே கேட்பதால், வார்டில் இருக்கும் மற்றவர்கள் அதை யாரோ வசதியுள்ளவர்களின் புகார் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள்.

ஏறாத வரியையும் யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அசோக் நகர் அடங்கிய கோடம்பாக்கம் மண்டலத்தில் குப்பை அள்ளும் வேலை முன்பே தனியாரிடம் போய்விட்டது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களிலும் அதே மாற்றம் வந்தபோது தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தனியார்மயத்துக்கு வரி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. அதன் பின்னால் வேறு கொள்கை முடிவுகளும் இருந்தன. ஆனால் செலவைக் குறைத்தாக வேண்டும் என்று மாநகராட்சி கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், முதலில் தெரிவது தினமும் விடியுமுன் தெருவுக்கு வரும் பெண்ணின் கூலி. 'வரி உயராது' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வேட்பாளர், அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டார். அவளிடம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவே.

கடினமான எதிர்வாதம் ஒன்று மீதி இருக்கிறது. உண்மையைச் சொன்னவர் தோற்பார், சொல்லாதவர் வெல்வார். நல்லவர் தோற்பதால் ஊருக்கு என்ன லாபம்? வாயை மூடி வென்று, பிறகு நேர்மையாகச் செலவழிப்பது மேல் அல்லவா? இதை எளிதில் தள்ள முடியாது. அரசியலில் இருக்கும் பல நல்ல மனிதர்கள் மனசாட்சியோடு இப்படித்தான் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்.

ஆனால் இந்த வாதம் வாக்காளரை முன்கூட்டியே குறைவாக மதிப்பிடுகிறது. 2017-இல் தில்லி மாநகராட்சித் தேர்தலின்போது அரவிந்த் கெஜ்ரிவால், தங்கள் கட்சி வென்றால் குடியிருப்புகளுக்கான வீட்டு வரியையே ஒழிப்பதாக அறிவித்தார். கட்சி தோற்றது. தோல்விக்குப் பல காரணங்கள் இருந்திருக்கும். வரி ரத்து என்ற சொல் மட்டும் வெற்றியைக் கொடுத்துவிடாது என்பது தெளிவு. அதே 2017-இல் மும்பையில் சிவசேனை 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு வரி விலக்கு என்று சொல்லி நின்றது; முழு விலக்கு 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கொள்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு கட்சி வரியைப் பற்றித் தன் நிலையை வாக்குப்பதிவுக்கு முன் சொன்னது, மக்கள் அதை வைத்து அதனிடம் பின்னால் கேட்க முடிந்தது. சென்னை வாக்காளருக்கு 2022-இல் அந்த வாய்ப்பு இல்லை.

மேலும், மௌனத்தால் வென்றவர் பிறகு வரியைக் கேட்கும்போது அவர் சொல்லுக்கு எடை இருப்பதில்லை. வடிகாலுக்காகத்தான் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் தெரு நம்பாது. முதலில் சொல்லாமல் விட்டதற்கான தண்டனையைப் பிறகு வரும் உண்மை அனுபவிக்கிறது.

வாக்காளர் பக்கமும் கணக்கு இருக்கிறது. 2022-இல் சென்னையில் வாக்களித்தவர்கள் 44 விழுக்காட்டைத் தொடவில்லை. தமிழ்நாடு முழுவதுக்குமான சராசரி 60-ஐத் தாண்டியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த மூன்றரை மாதத்திலேயே இப்படி. வாக்குக் கேட்டு வருபவரிடம் சொந்தத் தெருவுக்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டு, அரையாண்டு நோட்டீஸ் வந்த பிறகு கோபப்படுவதில் நியாயம் பாதிதான். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லும் துணிவை எல்லா வேட்பாளர்களிடமும் எதிர்பார்க்க முடியாது.

இப்போது நிலைமை இன்னும் நுட்பமாகியிருக்கிறது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் சொத்து வரியை 6 விழுக்காடு உயர்த்தும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆண்டுதோறும் உயரும் முறைக்கு அது தொடக்கம். ஒரே அடியாக இரண்டு மடங்காவதைவிட இது மனிதத்தன்மை உள்ள ஏற்பாடு. ஓய்வூதியக்காரர் திட்டமிட முடியும். ஆனால் தானாக ஏறும் வரியை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. வாசலில் நின்று விளக்கும் சங்கடம் வேட்பாளருக்கு நிரந்தரமாக நீங்குகிறது. வரியைப் பற்றிய மௌனத்துக்குச் சட்டப்படி ஓர் இருக்கை கிடைத்துவிடுகிறது. இது நடக்க விடக்கூடாது.

இந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. வார்டு வார்டாகப் பகுதி சபைகள் நடத்த 2022-இலேயே விதி வந்திருக்கிறது. இன்றைய கவுன்சிலரிடம் அங்கேயே கேட்கலாம், அடுத்து வரப்போகிறவரிடம் வாசலில் கேட்கலாம். இந்த 6 விழுக்காட்டை ஏற்கிறீர்களா? ஏற்றால், கூடுதலாக வரும் பணத்தில் இந்த வார்டின் வடிகாலைத் தூர்வார எவ்வளவு, தூய்மைப் பணியாளர் கூலிக்கு எவ்வளவு? மறுத்தால், இரண்டில் எது குறையும்? ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவருக்குத் தனிச் சலுகை கேட்டு மாமன்றத்தில் எழுந்து பேசுவீர்களா? தெரியாது என்று ஒருவர் பதில் சொன்னால் அதையும் மரியாதையோடு கேட்டுக்கொள்ள வேண்டும்; தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று அவர் திரும்பி வந்தால், அவருக்கு வாக்களிக்க அது போதுமான காரணம்.