செயலும் சாயலும்

ஒரு செயலுக்கும் அதன் சாயலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் பெரிய விஷயங்களில்தான் தேடுகிறோம். பக்திக்கும் பக்தியின் பாவனைக்கும், தருமத்துக்கும் தரும வேஷத்துக்கும் நடுவே கோடு கிழித்துப் பார்க்கிறோம். விளையாட்டிலும் இந்தக் கேள்விக்கு இடம் உண்டா என்றால் பலர் சிரிப்பார்கள். உண்டு என்பது என் எண்ணம். தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து ஆடும் வீடியோ விளையாட்டில், இந்தக் கேள்வி ஒரு கருவியாகவே உருவெடுத்து மனிதர் கைக்குள் வந்திருக்கிறது.

கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு சிறு குமிழ்கள் கொண்ட கன்ட்ரோலரை சோனி நிறுவனம் 1997-ல் தன் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. பின்னால் வந்த கன்சோல்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பையே வழக்கமாக்கிக்கொண்டன. இடது கட்டைவிரல் நடக்கிறது. வலது கட்டைவிரல் பார்க்கிறது. கட்டைவிரலுக்கும் பார்வைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. புதிதாகக் கையில் எடுப்பவர், வானத்தைப் பார்த்தபடி சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். நன்றாகப் பழகியவருக்கோ விரல் அசைவதே தெரியாது. ‘திரும்பினேன், பார்த்தேன்’ என்றுதான் சொல்வார்.

‘மரம்’ என்ற சொல்லின் மூன்று எழுத்துக்களில் கிளையும் இல்லை, இலையும் இல்லை. படித்தவனுக்கு எழுத்து மறைந்து மரம் தெரிகிறது. படிக்காதவனுக்கு வெறும் கோடுகள் தெரிகின்றன. குமிழ்கள் இப்படிப்பட்ட எழுத்து.

எழுத்தறியாதவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்களே என்ற கவலை நின்டெண்டோ நிறுவனத்துக்கு வந்தது. 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. சதோரு இவாட்டா அதன் தலைவராக இருந்தபோது, 2006-ல், ‘வீ’ என்ற கன்சோல் வெளிவந்தது. டென்னிஸ் ஆட வேண்டுமா? மட்டையை வீசுவதுபோலக் கையை வீசினால் போதும். பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டத்துக்குப் போட்டிகள்கூட நடந்தன. எழுத்தை நீக்கிச் சித்திரத்தை வைத்தார்கள், கதவு திறந்தது. இதை அற்பமாகப் பேசுவது நியாயம் அல்ல. குமிழில் தேர்ந்த சிலர் அன்று அப்படித்தான் பேசினார்கள். தமக்குத் தெரிந்ததைப் பிறருக்கு மதிலாக எழுப்பிக்கொள்ளும் அகங்காரம் எல்லாக் கலைகளிலும் உண்டு.

ஆனால் கதவைத் திறந்தவர் உள்ளே வந்தவரை எப்படி நடத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும். கையின் வேகம் மாறுவதை உணரும் சிறு பொறி ஒன்று அந்தக் கருவிக்குள் இருந்தது. டென்னிஸில் அது, எப்போது வீசினாய் என்பதைத்தான் பெரிதும் கவனித்தது. எப்படி வீசினாய் என்பதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. தோளிலிருந்து முழுக் கையையும் வீசியவரும், நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டியவரும் ஏறக்குறைய ஒரே பலனைப் பெற்றார்கள். ஓடுவதைக்கூடத் திரையில் இருந்த பொம்மை தானாகவே செய்துகொண்டது. இதை வரவேற்பு என்று சொல்ல முடியுமா? முகஸ்துதி என்றே சொல்லத் தோன்றுகிறது. செய்யாததைச் செய்ததாகப் புகழ்வதுதானே முகஸ்துதி?

பந்து உருட்டும் ஆட்டம் அப்படி இல்லை. மணிக்கட்டின் திருப்பத்துக்கு ஏற்பப் பந்து வளைந்தது. பழகப் பழகக் கை தேறியது. அங்கே வென்ற மூதாட்டியின் மகிழ்ச்சியில் பொய் கிடையாது.

கையின் திருப்பத்தை இன்னும் நுட்பமாக அறியும் துணைக்கருவியை நின்டெண்டோ 2009-ல் கொண்டுவந்தது. 2011-ல் வந்த ‘ஸ்கைவர்ட் ஸ்வார்ட்’ விளையாட்டில் கை போன திசையிலேயே வாளும் போயிற்று. அப்போதும் ஒரு குறை எஞ்சியது. எதிரியின் தடுப்பில் மோதித் திரையில் வாள் நின்றுவிடும். அறையில் கை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். காற்றுக்கு எதிர்ப்பு ஏது? அந்த விளையாட்டு 2021-ல் மறுபடியும் வந்தபோது, வேண்டியவர்கள் குமிழாலேயே வாளை வீசலாம் என்று வழி செய்தார்கள்.

சாயலின் பெருமையை அடியோடு கலைக்கிற சாட்சி வேறு ஒன்று இருக்கிறது. ‘இயல்பான அசைவு’ என்கிறோமே, அது யாருக்கு இயல்பு? எழுந்து நிற்க முடியாதவருக்கு, தோள் உயராதவருக்கு, கை நடுங்குகிறவருக்கு அது குமிழைவிடக் கொடிய தடை. குமிழும் பல கைகளுக்கு எட்டாது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இரண்டு பெரிய பொத்தான்களும், வேறு விசைகளைச் செருகிக்கொள்ளப் பல துளைகளும் உள்ள ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது. முழங்கையால் அழுத்தலாம், காலால் மிதிக்கலாம், மோவாயால் தட்டலாம். மோவாயால் தட்டுவதற்கும் வாள் வீசுவதற்கும் எள்ளளவும் சாயல் இல்லை. இருந்தாலும், தகுந்த கணம் பார்த்துத் தட்டி ஒருவர் வெல்கிறாரே, அந்த வெற்றி முழுக்க அவருடையது. அதை யாரும் பிச்சையாகப் போடவில்லை.

தமிழில் உடம்புக்கும் மெய் என்று பெயர். உண்மைக்கும் மெய் என்று பெயர். அதற்காக, உடம்பு அசைந்துவிட்டாலே உண்மை வந்துவிட்டது என்று ஆகாது. நான் நினைத்தது சிதையாமல் போய்ச் சேர வேண்டும். நன்றாகச் செய்தேனா, மோசமாகச் செய்தேனா என்பதற்குத் தக்கபடி பதில் வர வேண்டும். தோற்கும் உரிமையும் எனக்கு இருக்க வேண்டும். தோற்கவே விடாத இடத்தில் மரியாதை கிடையாது. நுழையவே விடாத இடத்தில் நியாயம் கிடையாது.

2015-ல் வந்த ‘ஸ்ப்ளட்டூன்’ என்ற விளையாட்டில், குறி பார்க்கக் குமிழால் பெருமளவுக்குத் திரும்பி, பிறகு கருவியைச் சற்றே சாய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். அந்தச் சிறு சாய்வு எந்தச் செயலைப் போலவும் நடிப்பதில்லை. குறியை நேராக்குகிறது, அவ்வளவுதான். சாயலாக இருக்கும் ஆசையை விட்டபோதுதான் கையின் அசைவும் எழுத்தாயிற்று.