பாடப்பொருளும் சான்றுப்பொருளும்

"இப்பாடலின் மூலம் புலவர் கூற விரும்புவது யாது?" இந்த வடிவில் அமைந்த வினாவுக்கு ஒருமுறையேனும் விடை எழுதிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் கா.பொ.த. சாதாரண தரத் தமிழ் இலக்கியத்துக்கு ஆயத்தமாவதில்லை. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பிரத்தியேக வகுப்புகள் நடத்திவரும் நானும் இந்த வினாவைக் கொண்டே காலந்தள்ளுகிறேன். புலவருக்கு ஒரு கருத்து உண்டு, அது பாடலுக்குள் எங்கோ பொதிந்து கிடக்கிறது, அதைத் தோண்டி எடுத்து இரண்டு வசனங்களில் எழுதினால் புள்ளி கிடைக்கும் என்பது இதன் எடுகோள். பரீட்சை மண்டபத்துக்குள் இருக்கும்வரை இதனால் யாருக்கும் பெரிய தீங்கில்லை. ஆனால் இதே வினாவைப் பரீட்சைத் திணைக்களம் அல்லாத வேறு ஆட்கள் வேறு நோக்கத்தோடு கேட்ட ஒரு சம்பவம் நமது மாவட்டத்தோடு தொடர்புடையது.

சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் ஓர் இளங்கவிஞர். புத்தளப் பகுதியில் தனியார் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பித்தவர். 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். மாணவர்களுக்குத் தீவிரவாதம் போதித்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்குக் கவிதை நூலே முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டது. கவிதைகளைப் பற்றி உளமருத்துவர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். அந்நூலில் வன்முறைக்கும் தீவிரவாதத்துக்கும் எதிரான கவிதைகள் இருப்பதைத் தமிழ் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்ன பின்னரும், 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அந்தக் காலத்தின் பீதியை நான் மறைக்கவில்லை. 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுப் பகுதித் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் அகப்பட்டன. ஏப்ரல் 21இல் நம் பெயர்களைத் தாங்கியவர்களே தேவாலயங்களில் கொலை செய்தார்கள். விசாரிக்க வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. அந்த விசாரணை ஒரு கவிதையை எப்படி வாசித்தது என்பதே என் கேள்வி. வாசிப்பது ரசனையைச் சார்ந்த காரியம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஒருவன் பத்தொன்பது மாதங்கள் அடைபட்டுக் கிடந்த பிறகு, பிழையான வாசிப்பை ரசனைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? அது அநீதி அல்லவா?

தொகுதியின் பெயரையே பாருங்கள். நவரசம் என்றால் ஒன்பது சுவை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என்பார். அவற்றுள் அச்சமும் வெகுளியும் இளிவரலும் உண்டு. வெகுளியைப் பாட வருகிற கவிஞன் வெகுளிக்குரிய சொற்களையே கையாள்வான். இரத்தம் என்ற சொல்லைக் கண்டவுடன் கத்தியைத் தேடுகிற வாசகனிடம் இதைச் சொல்லி விளங்கவைப்பது சிரமம்.

இனி, பிள்ளைகள் படிக்கிற பக்கத்துக்கு வருவோம். புறநானூற்றின் 15ஆம் பாடலில் நெட்டிமையார் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்கிறார். பகைவரின் ஊர்த் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதும் அங்கே புகழாகிறது. 279ஆம் பாடலில், உடன்பிறந்தவனையும் கணவனையும் போரில் இழந்த பெண்ணொருத்தி எஞ்சிய ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் அவளை வியக்கிறார். இவற்றை நாம் 'வீரச்சுவை' என்ற தலைப்பின் கீழ் கற்பிக்கிறோம். யாரும் எங்களைத் தேடி வரவில்லை, வரவும் வேண்டாம். பழைய பாடல்தானே என்பார்கள். ஆனால் அந்தத் தாய் அப்படியொன்றும் பழைய ஆளல்ல. நமது நாட்டின் போர்க்காலத்தில் 'புறநானூற்றுத் தாய்' என்று மேடைகளில் அழைத்து வரப்பட்டவள் அவள்தான். ஆக, கவிதைக்கு ஆட்களைப் போருக்கு அனுப்பும் வலு இல்லை என்று நான் வாதாட மாட்டேன். இருக்கிறது. அப்படியிருந்தும் எந்தப் பாடல் பாடப்பொருளாகும், எது சான்றுப்பொருளாகும் என்பதைப் பாடலில் உள்ள வன்முறையின் அளவு தீர்மானிப்பதில்லை. பாடியவன் யாருக்குப் பக்கத்தில் நின்றான், அவனுடைய பெயர் என்ன என்பவையே தீர்மானிக்கின்றன.

பாரி மகளிர் பாடியதாகச் சொல்லப்படும் 112ஆம் பாடலை நடத்தும்போது இது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. சேர சோழ பாண்டியர் மூவரும் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள், பாரி கொல்லப்பட்டான். சென்ற மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், மலையும் நம்முடையதாக இருந்தது; இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. பாட்டு அவ்வளவுதான். மாதிரி விடையில் 'அவலச்சுவை' என்று எழுதிக்கொள்வார்கள்.

நம் கரையில் இந்தப் பாட்டுக்கு வேறோர் உரையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். உம்மம்மா சொல்லக் கேட்டது மட்டுமே அவர்களுக்கு ஊர். அவர்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அந்த ராஜாமார ஏன் ஏசல்ல? வெற்றி முரசு உள்ளவங்க எண்டு பெருமையாத்தானே சொல்லியிருக்கு?"

நல்ல கேள்வி. பாடலில் வசை ஒன்றும் இல்லை. மூன்று பேர் சேர்ந்து ஒருவனை வீழ்த்தியவர்களைத்தான் வெற்றி முரசுக்காரர் என்கிறார்கள் அந்தப் பெண்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எள்ளல், தகப்பனை இழந்தவர் வாயிலிருந்து வருவதை அறிந்தவருக்கே கேட்கும். தமிழ் தெரியாத ஓர் அதிகாரிக்கு யாராவது இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக் கொடுத்தால், இவர்கள் மூவேந்தரின் ஆதரவாளர்கள் என்று அவர் குறிப்பெழுதக் கூடும். பேசுபவர் யார், யாரைப் பார்த்து, எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்று கேளாதவரை மாதிரி விடை எழுதும் பிள்ளைக்கும் அந்த அதிகாரிக்கும் இடையில் அதிக தூரம் இல்லை.

நம்முடைய மரபில் நன்றாகக் கேட்டதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எதிராகக் கவிதை சொல்லி, உயிருக்கு உத்தரவாதம் இழந்திருந்த கஅப் இப்னு ஸுஹைர் மதீனா வந்து, பள்ளிவாசலில் 'பானத் ஸுஆத்' கஸீதாவைப் பாடினார். அது பிரிந்துபோன காதலியின் அழகில் தொடங்குகிறது. மதுவின் உவமை கூட வருகிறது. நபியவர்களின் முன்னிலையில், அதுவும் பள்ளிவாசலில்! அது கஸீதாவின் வழமை என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது. யாரும் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடல் முடிந்ததும் நபியவர்கள் தம் போர்வையைப் பரிசளித்தார்கள் என்கின்றன அறிவிப்புகள். கவிஞர்களைக் கண்டிக்கும் அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதி வசனமும், ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக்கொள்ளும் கவிஞர்களுக்கு விலக்களிக்கிறது. கண்டனத்தை மட்டும் மேற்கோள் காட்டி அந்த விலக்கை விட்டுவிடும் பயான்களையும் கேட்டிருக்கிறேன். அதுவும் சொல்லைப் பிய்த்தெடுத்து வாசிக்கிற அதே பழக்கம்தான்.

லண்டனில் குடியேறிய உறவினர் வீட்டுப் பிள்ளையின் பாடப்புத்தகம் ஒன்றை அண்மையில் புரட்டினேன். அங்கே ஜீ.சி.எஸ்.ஈ. பரீட்சைக்கு 'அதிகாரமும் மோதலும்' என்ற தலைப்பில் 15 கவிதைகள் வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் மன்னன் சிலை பற்றிய ஷெல்லியின் கவிதை உண்டு. குதிரைப்படையின் வீரத்தைப் பாடிய டெனிசனும், முதலாம் உலகப்போர் முடிய ஒரு வாரம் இருக்கையில் கொல்லப்பட்ட வில்பிரட் ஓவனும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். வினாத்தாளில் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, தொகுதியிலுள்ள வேறொன்றோடு ஒப்பிடச் சொல்கிறார்கள். அங்கும் மனனம்தான், அங்கும் வழிகாட்டி நூல்கள் விலைபோகின்றன. ஆனாலும் ஒப்பிடு என்று கேட்கும்போது, படையை அனுப்பியவரின் புகழையும் பனியில் விறைத்துக் கிடந்தவனின் குரலையும் அந்தப் பிள்ளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க நேர்கிறது.

அதன் பிறகு நெட்டிமையாரையும் பாரி மகளிரையும் ஒரே நாளில் நடத்துகிறேன். கழுதை பூட்டி உழுத தெருவில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்கிறேன். பிள்ளைகள் உற்சாகமாகப் பேசுகிறார்கள். சிலர் வீட்டில் கேட்ட கதைகளைக் கொண்டு வருகிறார்கள். எருக்கலம்பிட்டி வருகிறது, முல்லைத்தீவு வருகிறது. 2019 மே மாதத்தில் கொட்டாரமுல்லையில் நடந்ததும் வருகிறது. பிறகு யாராவது ஒருவர் கையை உயர்த்தி, "சேர், இதை எழுதினா புள்ளி வருமா?" என்கிறார். வராது என்று சொல்கிறேன். விடைத்தாளில் 'அவலச்சுவை' என்றே எழுதச் சொல்கிறேன். மற்றதைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.