தரையின் கீழுள்ள தரை

ஓடு பதித்த பழைய தரையின்மேல் ஒருவர் மரப்பலகை பரப்புகிறார். அது புதுப்பித்தலா, மறைத்தலா? இது தச்சரைக் கேட்க வேண்டிய கேள்வி என்று பலரும் எண்ணுவர். நாம் இதனை ஒழுக்கத்தைச் சேர்ந்த கேள்வி என்றே கொள்ளுகின்றோம்.

நீலாய் வட்டாரத்தில் பால்மரக் காடாயிருந்த நிலங்கள் பல, 1990-க்குப் பின்னர் வீட்டு வரிசைகளாயின. லயத்துச் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவ்வீடுகளை வாங்குகின்றனர், விற்கவும் செய்கின்றனர். விற்குமுன் பலகை போட்டு அழகு செய்வது சிலர் வழக்கம். அப்பலகைகளுள் சில பால்மரத்தினின்றே அறுக்கப்பட்டவை என்பது ஒரு வேடிக்கை! இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்னாளில் விறகாக எரித்தார்கள். போரான் உப்பேற்றி வண்டு அரிக்காமற் காக்கும் முறை பரவிய பின்னரே அதற்கு மதிப்பு வந்தது.

நிற்க. ஓட்டின்மேல் பலகை போடுவது குற்றமன்று. ஓட்டைப் பெயர்த்தால் தூசியும் செலவுமே மிஞ்சும். ஆனால், மூடுமுன் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளே வெறுமையான ஓசை எழுந்தால் அவ்விடத்தில் சாந்து பற்றவில்லை என்பது பொருள். அதனைப் பெயர்த்து நிரவுதல் வேண்டும். ஈரக்கசிவு உண்டாவென்று நோக்குதல் வேண்டும். சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளியும் வேண்டும். இந்நாட்டு ஈரக்காற்றில் மரம் உப்பும், இடமின்றேல் நடுவே மேடிட்டு எழும்.

இவற்றைச் செய்யாது மூடினால் முதல்நாள் ஒருவருக்கும் தெரியாது. வாங்குகிறவர் பளபளப்பைக் கண்டு பணத்தைக் கொடுப்பார். சில மாதங்கள் சென்று பலகை தாழ்ந்து விளிம்பு எழும்பும்போது, பால்வெட்டித் தேய்ந்த முழங்காலோடு இரவில் எழுந்து நடக்கும் பாட்டியின் கால் அதிலே தடுக்கும். விற்றவரோ, "நான் பொய் சொல்லவில்லையே" என்பார். வாயாற் சொல்லவில்லை என்பது மெய்தான். அவர் பலகையாற் சொன்னார்.

தோழர்களே, வேலை செய்தவர் நிலை என்ன? ஓட்டைத் தட்டியவர் அவர். ஓசையைக் கேட்டவரும் அவரே. "இவ்விடம் பழுது, ஐயா" என்று ஒருமுறை சொல்லுதல் அவர் கடமை. சொல்லியும் மூடச் சொன்னால் பழி வீட்டுக்காரரைச் சாரும். வாய்மூடியிருந்தால் அப்பழியிற் சிறுபங்கு, மிகச் சிறுபங்கேயாயினும், அவருக்கும் உண்டென்றே கூறுவோம். சொன்னதற்காக மறுநாள் வேலை இல்லை என்றாகுமாயின்? அந்த அச்சத்தால் அடங்கிய நாட்கூலிக்காரரைக் கோழையென்று ஏச, மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு உரிமையில்லை. அவர் வாய் திறவாதபடி வைத்திருப்பவர் எவர் என்பதையே நாம் கேட்க வேண்டும்.