மேடைக் கண்ணீர் பொய்யா?

மேடையிலே ஒருவன் கதறுகிறான், கொட்டகையே விம்முகிறது. திரை விழுந்ததும் அவன் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு, சிரித்தபடி தேநீர் கேட்கிறான். அப்படியானால் அவன் சிந்திய கண்ணீர் பொய்தானே? பொய்யெனில், பொய்மையைச் சாடிடும் பகுத்தறிவாளர் நாடக மேடையைப் போற்றுவது முறையா?

பிரெஞ்சு நாட்டறிஞர் டிடரோ இக்கேள்வியை ஆராய்ந்தார். அவர் மறைந்தபின், 1830இல் வெளிவந்த நூலிலே அவர் தரும் விடை வியப்பூட்டும். உணர்ச்சியிலே மூழ்கும் நடிகன் இன்று ஒளிர்வான், நாளை மங்குவான். உள்ளம் கொதிக்காமல், அறிவு விழித்திருப்பவனே என்றும் ஒளிர்வான் என்றார் அவர்.

1898இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவிய இருவருள் ஒருவரான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வேறு வழி கண்டார். உணர்ச்சியைப் பிழிந்தெடுக்க முனைந்தால் கூச்சல்தான் மிஞ்சும். ‘இந்நிலையில் நானிருந்தால் என்ன செய்வேன்?’ என்று நடிகன் தன்னையே கேட்கவேண்டும் என்றார். மகனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் தாயாக நடிப்பவள் அழ முயலவேண்டாம். தெருவில் கேட்கும் காலடிக்குச் செவி கொடுக்கட்டும். மடித்துவைத்த சட்டையை மீண்டும் மடிக்கட்டும். செயல் மெய்யானால் உணர்வு தானே ஊறும்.

இருவர் வழியும் வேறு; எனினும் இருவரிடத்தும் கடிவாளம் அறிவின் கையிலேதான்! அருள் வந்து ஆடுவோனை எண்ணிப் பாருங்கள். ‘நானே தெய்வம்’ என்கிறான் அவன், நம்பச் சொல்கிறான், காணிக்கையும் கேட்கிறான். நடிகனோ, இன்றிரவு மட்டுமே மன்னன். அதை அவனும் அறிவான், அவையும் அறியும். ஏமாந்தவர் எவருமில்லை. வேடம் பூணுவது பொய்யன்று. வேடமென்பதை மறைப்பதே பொய்!

ஆயின், நடிகனின் கண்ணீரைவிட நம் கண்ணீரன்றோ ஐயத்துக்குரியது? மேடை விதவைக்காக மேலாடை நனைய அழுதவன், வீட்டு மணவிழாவிலே விதவைத் தங்கையை மூலையில் நிறுத்துகிறானே! அந்த அழுகையால் யாருக்கு என்ன பயன்? செர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்ட், காண்போர் உருகி மயங்காமல் சிந்தித்து விழிக்கவேண்டும் என்றது இதனாலேதான். திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக் கண்ணீர்’ நாடகத்திலே, தொழுநோயாளியாக வந்த எம்.ஆர்.இராதா, இரக்கத்தைப் பிச்சை கேட்கவில்லை. நையாண்டியால் மக்களின் மனச்சான்றைக் குத்தினார். 1954இல் சென்னை அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியது. ஆள்வோர் அஞ்சுவது மக்களின் கண்ணீரையா? இல்லை, கண்ணீருக்குப்பின் எழும் கேள்வியை!

ஆகவே, மன்றங்களிலே நாடகம் நடத்தும் இளைஞர்களே! நடிப்பிலே மெய்யைத் தேடுங்கள், அழுகையை விலைபேசாதீர்கள். மேடைக் கண்ணீர் மெய்யா, பொய்யா என்பதைக் கொட்டகையில் கணக்கிட இயலாது. கண்டவன் வீடு திரும்பி, மூலையில் நிற்கும் தங்கையை முன்வரிசைக்கு அழைக்கிறானா? அழைத்தால், அது மெய்.